புலன்கள் கூசும்போது

(நமது சங்கத்தின் மாதக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று பேசுவதற்கென நமக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு ‘ஐம்புலன்கள்’ என்பது. மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்தனையும் அடக்கி ஆள வேண்டுமென்று சான்றோர் மொழிந்தவற்றைத் தொகுத்துரைப்போம் என அன்பர்கள் எதிர்பார்த்து வந்திருத்தல் கூடும். அதனைச் செய்யத்தக்க புலமையுடையோர் இந்த அவையிலேயே முன்வரிசையில் வீற்றிருக்கின்றனர். ஆதலின் நாம் அதன் மறுபக்கத்தை எடுத்துக்கொள்கிறோம். அடக்க முயன்றாலும் அடங்காமல், உலகத்திலுள்ள ஒலியையும் ஒளியையும் நாற்றத்தையும் அளவுக்கு மேல் வாரிக்கொண்டு வந்து உள்ளே கொட்டும் புலன்களும் உண்டு. அவற்றை உடையவர்கள் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களைக் குறித்தே இன்று பேச விரும்புகிறோம். நாம் மருத்துவர் அல்லோம். படித்தும், அறிந்தோரைக் கேட்டும் தெரிந்துகொண்டவற்றையே சொல்கிறோம்.

இந்நிலைக்குத் தமிழில் புதுச்சொல் தேட வேண்டுவதில்லை. பல் கூசுகிறது என்கிறோம். வெயிலில் கண் கூசுகிறது என்கிறோம். உள்ளங்காலைத் தொட்டால் கூசுகிறது என்கிறோம். நாலு பேர் முன்னிலையில் பேசுவதற்குக் கூச்சப்படுகிறான் என்று சொல்வதும் அதே சொல்லால்தான். தாங்கக்கூடிய அளவுக்கு மேல் ஒன்று வந்து தாக்கும்போது உடலோ உள்ளமோ சுருங்கிக்கொள்வதையே நம் முன்னோர் ‘கூச்சம்’ என்றனர் போலும். மேலைநாட்டு மருத்துவ நூல்கள் கிரேக்கச் சொற்களைக் கூட்டி ‘ஹைப்பரஸ்தீசியா’ என்று பெயரிட்டிருக்கின்றன. நமக்குப் ‘புலன்கூச்சம்’ என்பதே போதும்.

பல் கூச்சம் யாவரும் அறிந்த ஒன்று. பல்லின் மேற்பூச்சாகிய எனாமல் தேய்ந்துவிட்டாலும், ஈறு கீழிறங்கிவிட்டாலும் அடியிலுள்ள பகுதி வெளிப்பட்டு விடுகிறது. அப்பகுதியிலே கண்ணுக்குப் புலனாகாத நுண்குழாய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. குளிர்ந்த நீர் பட்டவுடன் அக்குழாய்களிலுள்ள நீர்மம் அசைந்து, உள்ளிருக்கும் நரம்பைத் தூண்டுகிறது. பக்கத்தில் அமர்ந்து அதே தண்ணீரை மடமடவென்று குடிப்பவருக்கு ஒன்றுமில்லை; நமக்கோ உயிர் போய் உயிர் வருகிறது. இருவர் குடித்ததும் ஒரே பானைத் தண்ணீர்தான். எனினும் பல் கூசுகிறது என்று ஒருவர் சொன்னால் உடனே நம்பி விடுகிறோம். ஏனெனில் அது நமக்கும் வந்திருக்கிறது. காது கூசுகிறது, சட்டை கூசுகிறது என்று ஒருவர் சொன்னால்தான் அவரை மேலும் கீழும் பார்க்கிறோம்.

பண்டைத் தமிழர் இதனை நன்கு கண்டிருந்தனர். சங்க நூல் பயின்றவர்கள் அசுணம் என்னும் உயிரை அறிவர். நற்றிணையிலும் அகநானூற்றிலும் அது வருகிறது. மலைக்குகையில் இருந்துகொண்டு, வண்டுகளின் முரற்சியையும் யாழோசை என்று கருதிச் செவி சாய்க்குமாம். அதனைப் பிடிக்க விரும்பும் வேட்டுவர் முதலில் யாழை இசைத்து மயக்கி வெளியே வரச் செய்து, பின்னர்ப் பறையை அறைந்து கொன்றுவிடுவர் என்று கூறுவது மரபு. பறையொலி பட்டால் அசுணம் உயிர் வாழாது என்று நான்மணிக்கடிகையும் கூறுகிறது. அது பறவையா, விலங்கா, வெறுங் கற்பனையா என்று அறிஞர்கள் வழக்காடட்டும். செவியின் நுண்மை எவ்வளவோ அவ்வளவு அதன் துன்பமும் என்பதை உற்றுநோக்கிய ஒருவர் அக்காலத்தில் இருந்திருக்கிறார் என்பதே நமக்கு வேண்டுவது.

இதே செய்தியை அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ என்பவர் 1839-ஆம் ஆண்டில் ஒரு கதையாக எழுதினார். அக்கதையின் நாயகனாகிய ரோடரிக் அஷர் என்பவனால் சுவையற்ற உணவைத் தவிர வேறெதையும் உண்ண முடியாது. குறிப்பிட்ட சில துணிகளையே உடுத்த முடியும். மலர்களின் மணம் அவனுக்கு மூச்சு முட்டும். மங்கிய விளக்கும் கண்ணை வருத்தும். ஒலிகளிலே சிலவற்றைத்தான் அச்சமின்றிக் கேட்பான். அவையும் நரம்புக் கருவிகளின் ஒலிகள்! யாழ் இனிக்கப் பறை கொல்லும் அசுணத்துக்கும் இவனுக்கும் எத்துணை ஒற்றுமை, பாருங்கள். நற்றிணை அச்சேறியதே 1915-இல்தான். ஆதலின் போ அதனைக் கண்டு எழுதியிருக்க வழியில்லை. இருவரும் மனிதர்களைக் கண்டே எழுதியிருக்க வேண்டும் என்பது நமது துணிபு.

ஆனால் கதைகளால் ஒரு தீங்கும் நேர்ந்திருக்கிறது. டென்மார்க்கு நாட்டு ஆண்டர்சன் 1835-இல் எழுதிய இளவரசி கதையை நம் குழந்தைகள் பள்ளிப் புத்தகத்தில் படிக்கின்றனர். இருபது மெத்தைகளுக்கும் அவற்றின் மேல் இட்ட இருபது இறகுப் படுக்கைகளுக்கும் அடியிலே வைத்த ஒரு பட்டாணி அவள் உடம்பை உறுத்தியதாம். ஆகவே அவள் மெய்யான இளவரசிதான் என்று முடிவு செய்தனராம். இளவரசிக்கு வந்தால் அது குலப்பெருமை. குமாஸ்தா வீட்டுப் பெண்ணுக்கு வந்தால் பாசாங்கு. உண்மையில் அது பெருமையும் அன்று, பாசாங்கும் அன்று. நரம்பின் தொழிலில் நேரும் ஒரு மாறுபாடு, அவ்வளவே.

அத்தொழில் எத்தகையது என்பதை நாம் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். நாம் இருப்புப்பாதை ஓரத்தில் குடியிருப்பவர்களன்றோ? ஊரிலிருந்து வந்து தங்கும் உறவினர் முதல் இரவு கண்ணை மூடுவதில்லை. சரக்கு வண்டி போனால் எழுந்து உட்காருகிறார்; என்ஜின் ஊதினால் ‘என்னப்பா இது?’ என்கிறார். நாமோ குறட்டை விடுகிறோம். மூன்றாம் இரவு அவரும் குறட்டை விடுகிறார். வண்டியின் ஓசை குறைந்துவிட்டதா? இல்லை. அவர் காது மந்தமாகிவிட்டதா? அதுவும் இல்லை. ‘இது தெரிந்த ஒலி, இதனால் தீங்கில்லை’ என்று மூளை தானே கதவைச் சாத்திக்கொள்கிறது. காலையில் அணிந்த சட்டை உடம்பில் கிடப்பதைச் சிறிது நேரத்தில் மறந்து விடுவதும் இவ்வாறே. புலன்கூச்சம் உடையவரில் பலருக்கு இந்தக் கதவு சரியாகச் சாத்துவதில்லை. அவருக்கு மூன்றாம் இரவும் முதல் இரவே. முந்நூறாம் இரவும் முதல் இரவே.

இன்னொரு சான்று நம்மூர் எட்டிமரத்திலிருந்தே கிடைக்கிறது. நரம்பு மண்டலத்தில் செய்திகளை முடுக்கும் பொருள்களும் உண்டு. அவற்றைத் தடுத்து நிறுத்தும் பொருள்களும் உண்டு. தடுக்கும் பொருள்களுள் ஒன்று கிளைசின் என்பது. எட்டிக்கொட்டையிலுள்ள ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சு அந்தக் கிளைசினின் வேலையை நடக்கவொட்டாமல் செய்துவிடுகிறது. அந்நஞ்சு ஏறியவர் அருகில் கதவைச் சாத்தினாலும், அவரைக் கையால் தொட்டாலும் உடம்பு முழுவதும் வில்லாக வளைந்து இழுக்கும். ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் நோயின் நஞ்சும் தடுக்கும் பொருள்களையே வெளிவராமல் செய்கிறது. அதனால்தான் அந்நோயாளியை இருட்டான, அமைதியான அறையில் கிடத்துகின்றனர். இவ்விரண்டிலும் நரம்பிற்குப் புதிய வலிமை ஏதும் வந்துவிடவில்லை. பிரேக் போய்விட்டது, அவ்வளவுதான். நமது வண்டிகளில் பிரேக் குழாயிலுள்ள காற்றழுத்தம் இறங்கினால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். நரம்பு மண்டலத்தை அமைத்தவர் அந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை!

நாய்கள் திரியும் காலனி நம்முடையது; ஆதலின் ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். வெறிநாய்க்கடி நோய் முற்றியவருக்குத் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இழுத்துக்கொள்ளும். விசிறிக் காற்று முகத்தில் பட்டாலும் இழுக்கும். இதுவும் கொடிய புலன்கூச்சமே. அந்த நிலை வந்தபின் பிழைப்பது அரிதினும் அரிது. நாய் கடித்தாலும், பல் பட்டுக் கீறினாலும் உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்கிவிட வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் காத்திருக்கும் வேலை வேண்டவே வேண்டாம். அதுபோலவே, காய்ச்சலும் கழுத்து விறைப்புமாகக் கிடக்கும் குழந்தை வெளிச்சத்தைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது மூளையுறைக் காய்ச்சலாக இருக்கலாம். பொழுது விடியட்டும் என்று அதற்குக் காத்திருத்தல் ஆகாது.

இனி நம் வீடுகளிலேயே அன்றாடம் காணும் கூச்சங்களுக்கு வருவோம். அக்கி வந்து ஆறியபின் சில முதியவர்களுக்கு அவ்விடத்து வலி மாதக்கணக்கில் நிற்கிறது. மெல்லிய மல் துணி உரசினாலும் நெருப்புப் பட்டாற்போல் துடிக்கின்றனர். நீரிழிவினால் நரம்பு கெட்டவர்களுள் சிலருக்கு இரவில் போர்வை பாதத்தில் படுவதே பொறுப்பதில்லை. ‘தாத்தா சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார், வந்தவர் முன்னிலையில் மானம் போகிறது’ என்று வைபவர்கள் அவர் முதுகைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். ஒற்றைத் தலைவலி உடைய தாய்மார்கள் நம்மில் பலர். அது வரும்போது ஒளியும் ஒலியும் சம்மட்டி போல் தாக்கும். தாளிக்கும் மணமே குமட்டும். சிலருக்குத் தலை வாரினாலும் வலிக்கும். கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் படுப்பதொன்றே அப்போது ஆறுதல். அதனை வேலைக்குச் சாக்கு என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருப்பது வருத்தத்திற்குரியது.

செவியின் அமைப்பில் ஒரு வியப்பு உண்டு. நடுச்செவியில் சுத்தி, பட்டடை, அங்கவடி என மூன்று சிற்றெலும்புகள் உள்ளன. அங்கவடியே உடம்பிலுள்ள எலும்புகளிலெல்லாம் மிகச் சிறியது. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். அதனைப் பற்றியிருக்கும் தசையும் தன் இனத்தில் மிகச் சிறியதே. பேரொலி கேட்டவுடன் அத்தசை சுருங்கி அங்கவடியின் ஆட்டத்தைக் குறைக்கிறது. முகத்தை அசைக்கும் நரம்பின் கிளைதான் அதனையும் இயக்குகிறது. ஆகையால் முகவாதம் வந்து வாய் கோணியவர்களுள் சிலர், அந்தப் பக்கத்துக் காதில் எவர்சில்வர் தட்டை வைக்கும் ஓசையும் அறைவதுபோல் கேட்கிறது என்பர். வாய் கோணியதை எல்லோரும் காண்கிறார்கள். காது படும் பாட்டை யாரும் காண்பதில்லை.

மூக்கைப் பற்றியும் ஒரு சொல். கருவுற்ற பெண்களுக்கு மணங்கள் பொறுக்காமல் போவதைத் தாய்மார்கள் அறிவார்கள். ஸ்காட்லாந்தில் பெர்த் நகரைச் சேர்ந்த ஜாய் மில்னே என்னும் முன்னாள் செவிலியர், தம் கணவரின் உடல் மணம் மாறியதை, அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதாக மருத்துவர்கள் கண்டுபிடிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே உணர்ந்திருந்தார். எடின்பரோவில் அவரைச் சோதித்தார்கள். நோயாளர் அறுவரும் நோயற்றோர் அறுவரும் அணிந்த பனியன்களைக் கொடுத்தபோது, நோயாளர் அறுவரையும் சரியாகச் சொன்னதோடு, நோயற்றவர் என்று கருதப்பட்ட ஒருவரையும் நோயாளர் என்றார். சில மாதங்களில் அவருக்கும் அந்நோய் வெளிப்பட்டது! இத்தகைய கூர்மையால் உலகிற்குப் பயன் விளைவதும் உண்டு. எனினும் பயன் விளைந்தால்தான் நம்புவோம் என்பது முறையன்று.

இதுவரை சொன்னவை அனைத்தும் இனிச் சொல்லப்போவதற்கு முன்னுரை.

நம் காலனியிலே ஒரு குடும்பம் இருக்கிறது. பெயர் வேண்டாம். அவர்களுடைய மகனுக்கு இப்போது பத்து வயது. பிரஷர் குக்கர் சீறுவதற்குமுன் பின்கட்டுக்கு ஓடிவிடுவான். சட்டையின் கழுத்துப்பட்டியிலுள்ள துண்டுச்சீட்டை வெட்டியெடுத்தபின்தான் அணிவான். யாரேனும் அன்போடு கன்னத்தைத் தடவினால் கையைத் தட்டிவிடுவான். ஆனால் தாய் இறுக அணைத்துக்கொண்டால் அமைதியடைவான். பள்ளியொன்றில் அவனைப் பிடிவாதக்காரன் என்று முத்திரை குத்தி, மணி அடிக்கும் இடத்துக்கு அருகிலேயே உட்கார வைத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குமுன் நமது பொங்கல் விழாவில் மேளம் தொடங்கியவுடன் அவன் காதைப் பொத்திக்கொண்டு அலறித் தரையில் விழுந்தான். அவன் தாயின் காதில் விழும்படியாகவே, ‘வளர்த்த விதம்’ என்று சிலர் சொன்னார்கள். அன்று போனவர்கள் பின்னர் எந்த விழாவிற்கும் வரவில்லை.

இக்குழந்தைக்கு ஆட்டிசம் உண்டென்று மருத்துவர்கள் கூறியிருக்கின்றனர். லியோ கானர் என்ற மருத்துவர் 1943-இல் பதினொரு குழந்தைகளைக் குறித்து முதன்முதலில் விரிவாக எழுதியபோதே, பேரொலியைக் கண்டு அவர்கள் நடுங்குவதைக் குறித்திருக்கிறார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய்ப்பட்டியலில் புலன்கள் மிகையாகவோ குறைவாகவோ உணர்வதனையும் இதன் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்தனர். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. இந்நிலையோடு பிறந்து கால்நடை அறிவியலில் பேராசிரியராக விளங்கும் அமெரிக்கப் பெண்மணி டெம்பிள் கிராண்டின், மெல்லத் தொடுவதைத் தம்மால் தாங்க முடியாதென்றும், அழுத்தமான அணைப்பு அமைதி தந்ததென்றும் எழுதியிருக்கிறார். அணைத்துக்கொள்ள மனிதர் வேண்டாமென்று பலகைகளால் ஒரு பொறியே செய்துகொண்டார். நம் காலனித் தாய் எந்தப் புத்தகமும் படிக்காமலேயே இதனைக் கண்டுபிடித்திருக்கிறார். காதைப் பொத்தும் குழந்தைகள் யாவர்க்கும் ஆட்டிசம் உண்டென்று கொள்ளவும் கூடாது. செவியையும் சோதித்து, அறிந்தோரிடம் காட்டியே தெளிய வேண்டும். ஒன்றும் தெரியாமல் எந்நேரமும் பஞ்சை அடைத்து வைப்பதும் நன்றன்று. முழு அமைதியில் பழகிய செவி இன்னும் கூசத் தொடங்கும் என்கின்றனர். தாங்கக்கூடிய மெல்லொலியிலிருந்து சிறிது சிறிதாகப் பழக்குவதே வழி.

நாம் கேட்பது இதுதான். வெளிமாநிலத்தில் அக்குழந்தைக்குத் தமிழ் கேட்கும் இடங்கள் இரண்டே: ஒன்று அவன் வீடு, மற்றொன்று இந்தச் சங்கம். இரண்டாவதனை ஓர் ஒலிபெருக்கியின் பொருட்டு அவன் இழக்கலாமா? நாகசுரமும் தவிலும் கோபுர வீதிக்கென்று அமைந்த மங்கல வாத்தியங்கள். நாற்பதடி மண்டபத்திற்குள் அவற்றை நிறுத்தி, அவற்றின் வாய்க்கு நேரே மைக்கையும் பிடித்து, மூலைக்கொரு பெட்டி வைக்கிறோம்! இஃது எவர் செவிக்காக? சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல். 90 என்பது அதற்கு ஒன்றரை மடங்கு போலத் தோன்றும். பத்துப் பத்தாகக் கூடும்போது ஒலியாற்றல் பதின்மடங்காகப் பெருகுவதால் அஃது ஆயிரம் மடங்கு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரையறுத்திருக்கின்றன. இரவு 10 மணிக்குமேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி ஆகாது என்பதையும், விழாக்களுக்கென்று அரசு அளிக்கும் விலக்கு ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாது என்பதையும் நம் விழாக்குழுவினர் அறிவர். அண்டை வீட்டார் திருமண ஊர்வலத்தில் விடிய விடிய முழக்குகிறார்களே என்று கேட்கலாம். அவர்களோடு போட்டியிட்டு வெல்வதற்காக நாம் சங்கம் வைக்கவில்லை.

நமது கோரிக்கைகளை எழுத்து மூலமாகச் செயற்குழுவிடம் கொடுத்திருக்கிறோம். ஆண்டு விழாவின் முதல் ஒரு மணி நேரம் குழந்தைகளின் திருக்குறள் ஒப்புவித்தலும் கோலப்போட்டியும் ஒலிபெருக்கியின்றியே நடக்கட்டும். அப்போது மங்கலத்திற்கு வீணை வைத்துக்கொள்ளலாம். மேளம் எத்தனை மணிக்கு என்பதை அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிட்டால் வேண்டியவர்கள் முன்னரே வெளியே சென்று வரலாம். வாசலில் வெடி வேண்டாம். நூலக அறையில் ஒரு பாயை விரித்து, பளிச்சென்ற குழல்விளக்கை அணைத்து, கதவை ஒருக்களித்து வைத்திருந்தால், அக்குழந்தைக்கு மட்டுமன்றி ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் முதியவர்களுக்கும் உதவும். இவற்றிற்கு ஆகும் செலவு பாய் ஒன்றுதான். அதுவும் சங்கத்தில் இருக்கிறது.

செயலாளர் அவர்கள் இவற்றில் மூன்றினை ஏற்றுக்கொண்டார்கள். மேளத்தை எங்கே நிறுத்துவது என்பதில்தான் இன்னும் கருத்து வேறுபாடு. வாசல் மரத்தடி என்பது நம் கட்சி. அந்தக் குடும்பத்தாரை நேரில் சென்று அழைக்கும் பொறுப்பைத் தாய்மார்கள் சிலர் ஏற்றிருக்கிறார்கள். போகும்போது அழைப்பு மணியை அழுத்தாமல் கதவை மெல்லத் தட்டும்படியும், சிறுவனின் கன்னத்தைத் தொடாமல் ஒரு வணக்கம் மட்டும் சொல்லும்படியும் கேட்டுக்கொள்கிறோம்.